எமக்கோழிக்கு ஒரு சொல்

சிங்கப்பூரில் மாட்டுக்கொட்டில் வைத்திருந்தவர்களெல்லாம் எமக்கோழியும் வைத்திருந்த காலம் அது. சிராங்கூன் ரோட்டுக்கு இருபுறமும் சேறும் கோரையும், நடுநடுவே எருமைகள் ஊறிக் கிடக்கும் குட்டைகளுமாக இருக்கும். ரோச்சோர் ஆற்றிலிருந்து முதலை ஏறி வரும். மலைப்பாம்பு வந்து கன்றை வளைத்து நொறுக்கிவிட்டுப் போகும். துப்பாக்கி வாங்க வசதியுள்ள முதலாளிகள்கூட எமக்கோழியைத்தான் நம்பினார்கள்.

கோழி என்பது பேருக்குத்தான். நிமிர்ந்து நின்றால் ஆள் உயரம். சாம்பல் நிறம். சிறகு இரண்டும் கிழிந்த பனையோலை விசிறி மாதிரி விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும், பறக்க உதவாது. ஆனால் ஓட ஆரம்பித்தால் குதிரை வண்டி பின்தங்கிவிடும். அலகால் ஒரு போடு போட்டால் முதலையின் மண்டை தேங்காய் மாதிரி பிளக்கும். சாங்கிப் பக்கத்துச் சதுப்புக்காட்டிலிருந்து குஞ்சாகப் பிடித்து வந்து வளர்ப்பார்கள். ஒரே ஓர் ஆளிடம்தான் அது பழகும். அந்த ஆளையும் முகத்தை வைத்து அல்ல, குடுமியை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். அதனால் எமக்கோழிக்காரர்கள் யாரும் முடி இறக்குவதில்லை. பெற்ற தகப்பன் செத்தால்கூடத் தம்பியைத்தான் மொட்டை போடச் சொல்வார்கள்.

தங்கராஜு மொட்டை போட்டுக்கொண்டான். தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில், அவன் ஆறு வருடமாக வளர்த்த சிங்காரி அவனைக் கொன்றது.

அது நடந்து பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. அவன் மனைவி கண்மணி இன்னும் அழவில்லை. நான்கு மாதக் கர்ப்பிணி. தாலி கழற்றுவதைப் பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் நாத்தனார் ரத்தினம்மா தள்ளி வைத்திருந்தாள். தம்பி செத்த அன்றே கொட்டிலை ஒட்டியிருந்த குடிசையைப் பூட்டி, கண்மணியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவளும் அவள்தான். "இனிமே இதுதான்டி ஒன் வீடு" என்றாள். கண்மணிக்குப் போவதற்கு வேறு வீடும் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிவிட்ட தகப்பனும் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் கண்மணியைப் பார்த்துவிட்டு வெளியே போய்க் கிசுகிசுத்தார்கள். அவளுக்கும் அது கேட்டது. அழவேண்டும் என்று அவளும் நினைத்துப் பார்த்தாள். நினைக்கிறபோதே அந்த நினைப்பு வேறு யாருக்கோ சொந்தமானது போல விலகிப் போய்விடும். தங்கராஜுவின் வேட்டிகள் நான்கையும் மடித்து வைப்பாள். பிறகு பிரித்து, மறுபடி மடிப்பாள். ஒருநாள் கஞ்சி வடிக்கும்போது கொதிநீர் பாதத்தில் கொட்டியது. ரத்தினம்மாவின் புருஷன் அழகப்பன் ஓடிவந்து, "தங்கச்சி, கால்! கால்!" என்று கத்திய பிறகுதான் அவள் குனிந்து பார்த்தாள். தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள்.

பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் கொட்டில் முதலாளி சேக் தாவூது வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அம்மாடி, நான் அவசரப்படுத்த வரலை. பதினாறாம் நாளு நீ வந்து சொல்லணும். அதை ஞாபகப்படுத்திட்டுப் போகலாம்னுதான்."

"அதுல யோசிக்க என்ன இருக்கு ராவுத்தரே?" என்றாள் ரத்தினம்மா உள்ளேயிருந்து. "கொல்லுன்னு ஒரே வார்த்தை. நானே வந்து சொல்லிருவேன். ஒங்க சட்டம்தான் பொண்டாட்டி சொல்லணும்ங்குது."

"எங்க சட்டம் இல்ல தாயி. கோழிக்காரங்க சட்டம். அதை மீறுனா நாளைக்கு ஒருத்தன் என் கொட்டில்ல கோழி மேய்க்க வரமாட்டான்."

அந்தச் சட்டம் கண்மணிக்கும் தெரியும். எமக்கோழி தன் ஆளையே கொன்றுவிட்டால், அவன் வீட்டுக்காரி பதினாறாம் நாள் அதன் முன்னால் வந்து நின்று தீர்ப்புச் சொல்லவேண்டும். அதுவரை யாரும் அதன்மேல் கை வைக்கக் கூடாது. 'கொல்லு' என்றால் அந்த ஒரு சொல் போதும், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். 'விடு' என்றால் அதைக் காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். ஆனால் அப்போது குற்றம் யாருடையது என்று எல்லார் முன்னாலும் ஒரு பேர் சொல்லவேண்டும். செத்தவன் பேரையே சொல்லலாம். ஆடி மாதத்தில், செத்துப்போன கோழிக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு விளக்கு ஏற்றுவார்கள். குற்றவாளி என்று பேர் சொல்லப்பட்டவனுக்கு மட்டும் அந்த விளக்கு கிடையாது.

"அது எப்படி இருக்கு?" என்று கேட்டாள் கண்மணி. கேட்ட பிறகுதான் தான் பேசியது அவளுக்கே தெரிந்தது.

"எது, சிங்காரியா? எரை எடுக்கலைம்மா. ஆட்டுத்தலை போட்டோம், மீனு போட்டோம். தண்ணிதான் குடிக்குது."

"பட்டினி கெடந்து சாவட்டும்" என்றாள் ரத்தினம்மா. "வெளையாட்டுக்குத்தான் அதைச் சக்களத்தின்னு சொல்லிக்கிட்டிருந்தேன். பாவி, நெசமாவே குடும்பத்தைக் கெடுத்துட்டாளே!" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதுகொண்டிருந்தாள்.

சக்களத்தி என்ற கேலிக்குக் காரணம் இருந்தது. தினமும் காலையில் தங்கராஜு கொட்டிலுக்குள் நுழைந்ததும் சிங்காரி தலையைச் சாய்த்துக்கொண்டு வரும். முதலை மண்டையைப் பிளக்கிற அலகால் அவன் குடுமியை மெல்லக் கவ்வி, ஒருமுறை இழுக்கும். பூவைப் பறிப்பது போல இருக்கும் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். மத்தியானம் குடுமி கலைந்து, எச்சில் காய்ந்து வீட்டுக்கு வருவான். "அவளைப் பார்க்கப் போறப்ப மட்டும் எண்ணெய் வெச்சுச் சீவிக்கிட்டுப் போறீங்க" என்று கண்மணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். "அவ இழுக்குறா, நீ சீவி விடுறே. எனக்கென்னடி குறைச்சல்?" என்பான்.

கல்யாணமாகி மூன்று வருடம் பிள்ளை இல்லை. போன ஆடியில் கண்மணி யாரிடமும் சொல்லாமல் டேங்க் ரோடு கோயிலில் வேண்டிக்கொண்டாள். வயிற்றில் ஒன்று தங்கினால், வருகிற தைப்பூசத்துக்கு என் புருஷன் முடியைத் தருகிறேன் முருகா என்று. ஐப்பசியில் தங்கியது. வேண்டுதலைச் சொன்னதும் தங்கராஜு திடுக்கிட்டுத்தான் போனான்.

"ஏன்டி, வேண்டுறதுக்கு வேற பொருளே இல்லையா? காவடி எடுக்கிறேன்னு வேண்டியிருக்கலாம், அலகு குத்துறேன்னு வேண்டியிருக்கலாம். கோழிக்காரன் குடுமியையா போயி வேண்டுவே?"

"தப்புத்தாங்க. வேண்டிக்கிட்டேனே."

"மச்சானைக் குடுக்கச் சொல்றேன். எங்க ஆளுங்க அப்படித்தான் செய்வாங்க."

"அழகப்பன் அண்ணன் கிட்ட முடி ஏது?"

அதற்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். அழகப்பன் தலை உள்ளங்கை மாதிரி இருக்கும். சிரித்து முடித்த பிறகும் கண்மணி விடவில்லை. ஆள் மாற்றினால் சாமி ஏற்காது, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பத்து நாள் சோறு பரிமாறும்போதெல்லாம் அதையே சொன்னாள். கடைசியில் அவன் சரி என்றான். கொட்டிலில் மற்றக் கோழிக்காரர்கள் திட்டியபோது, "வேண்டுதல் என்னுதுப்பா, நான் வேண்டிக்கிட்டேன், நான் குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்மணியிடமும் அதைச் சொன்னான். "ஒன் பேரைச் சொன்னா எங்க அக்கா ஒன்னை உண்டு இல்லன்னு ஆக்கிருவா."

இதெல்லாம் அவளுக்கு நினைவு இருந்தது. ஒவ்வொரு சொல்லும் இருந்தது. அது ஒன்றும் செய்யாமல் அங்கேயே கிடந்தது.

பதினைந்தாம் நாள் காலையில் அவள் அழகப்பனிடம், "அண்ணே, என்னைக் கொட்டிலுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். ரத்தினம்மா மோர்ப்பானையோடு தெருவுக்குப் போயிருந்தாள். அழகப்பன் எதிர்த்துப் பேசத் தெரியாதவர். மாட்டு வண்டியைப் பூட்டினார்.

கொட்டிலில் பக்கத்துக் கோழிக்காரன் முத்துசாமிதான் சிங்காரிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். நீளமான கழியால் பானையைத் தள்ளி விடுவான், கிட்டே போகமாட்டான். இரும்புக் கம்பத்தில், கப்பல் சங்கிலியால் சிங்காரி கட்டப்பட்டிருந்தது. நெஞ்செலும்பு தெரிந்தது. கண்மணியை அது பார்க்கவே இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் கழுத்து உயரும். வருகிற ஆளின் தலையைப் பார்க்கும். பிறகு தாழ்ந்துவிடும்.

அதன் வலது கால் நகங்களுக்கு அடியில் சிவப்பாக ஒரு துணி இருந்தது.

"அது அவரு முண்டாசு" என்றாள் கண்மணி.

"ஆமாம்மா. எடுத்துத் தரலாம்னு பார்த்தேன், விடமாட்டேங்குது." முத்துசாமி தயங்கினான். "எதைக் கொன்னாலும் அது அப்படித்தான். பாம்போ நாயோ, ஒரு துண்டைக் காலுக்கடியில வெச்சுக்கிட்டு நிக்கும். தங்கராஜு வந்து 'பலே சிங்காரி'ன்னு சொல்லி அதை வாங்கிக்குவான். அதுக்கப்புறம்தான் எரை எடுக்கும்."

கண்மணி அந்தத் துணியையும் சிங்காரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அதுக்குத் தெரியாதா?"

"என்னம்மா?"

"அவரைத்தான் கொன்னோம்னு."

முத்துசாமி கழியைத் தரையில் ஊன்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அன்று காலை நடந்ததை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான். மூன்று மாதம் முடி வளர்கிறவரை கொட்டிலுக்கு வராதே என்றுதான் எல்லாரும் தங்கராஜுவிடம் சொன்னார்கள். ஆனால் பூசத்தன்று முழுக்கச் சிங்காரி கத்திக்கொண்டே இருந்தது. வேறு யாரையும் கிட்டே விடவில்லை. மறுநாள் அவன் சிவப்பு முண்டாசு கட்டிக்கொண்டு வந்துவிட்டான். பின்பக்கம் குடுமி மாதிரியே புடைப்பாக இருந்தது. சிங்காரி தலையைச் சாய்த்துக்கொண்டு ஆசையாகத்தான் வந்தது. வழக்கம்போலக் குடுமியைக் கவ்வி இழுத்தது. முண்டாசு மொத்தமும் அலகோடு வந்துவிட்டது. அடியில் யாரோ ஒரு மொட்டைத்தலையன் நின்றான்.

அந்தப் புடைப்புக்குள் பழைய துணியைச் சுருட்டி வைத்துக் கட்டிவிட்டவள் கண்மணி. கண்ணாடி இல்லாத வீட்டில் அவனைத் திருப்பித் திருப்பி நிறுத்திப் பார்த்து, "அச்சு அசல் குடுமி மாதிரியே இருக்கு" என்று சொன்னவளும் அவள்தான்.

"ஒரு வழி இருக்கும்மா" என்றான் முத்துசாமி தாழ்ந்த குரலில். "அது பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஒனக்கு விடணும்னு தோணுச்சுன்னா, குற்றம் அவனுதுன்னு சொல்லிட்டுப் போ. அவனே வேண்டுனான், அவனே மொட்டை அடிச்சான், அவனே வந்தான். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. ஒரு விளக்குத்தானே போகும். போனவனுக்கு விளக்கு எதுக்கு?"

திரும்பும் வழியில் அழகப்பன் எதுவும் கேட்கவில்லை. மாடுகளிடம் மட்டும் பேசிக்கொண்டு வந்தார். கண்மணி மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கொல்லு என்றால் ரத்தினம்மா கட்டிப்பிடித்துக்கொள்வாள். பிள்ளை அந்த வீட்டில் வளரும். அவர் குற்றம் என்றால் ரத்தினம்மா நான்கு நாள் கத்துவாள், அப்புறம் பிள்ளை முகத்தைப் பார்த்து ஆறிவிடுவாள். மூன்றாவதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கவேண்டும் என்று தோன்றியது. பயமும் வரவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் மத்தியான வெயிலில் எல்லாரும் கொட்டிலுக்குப் போனார்கள். கோழிக்காரர்கள் ஏழெட்டுப் பேர், ஆற்றோரத்தில் மாடு மேய்ப்பவர்கள், துணி வெளுப்பவர்கள். ரத்தினம்மா கண்மணியின் தோளைப் பிடித்தபடியே வந்தாள். முத்துசாமி கையில் ஈட்டி இருந்தது. ஒரு சொல் வந்தால் அங்கேயே முடித்துவிடவேண்டும் என்பது முறை.

சிங்காரி நிற்க முடியாமல் மடங்கி உட்கார்ந்திருந்தது. இத்தனை பேரைக் கண்டதும் சிரமப்பட்டு எழுந்தது. ஒவ்வொரு தலையாகப் பார்த்தது.

"சொல்லும்மா" என்றார் சேக் தாவூது.

"சொல்லுடி" என்றாள் ரத்தினம்மா.

"விடுங்க" என்றாள் கண்மணி.

ரத்தினம்மாவின் கை தோளிலிருந்து விழுந்தது. "என்னடி சொல்றே? புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?"

"தாயி, நீ பேசக்கூடாது" என்றார் முதலாளி. பிறகு கண்மணியிடம் திரும்பினார். "குற்றம் யாருது?"

"என்னுது."

யாரோ இருமினார்கள். முத்துசாமி ஈட்டியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினான்.

"வேண்டிக்கிட்டது நாந்தான்" என்றாள் கண்மணி. கடைக்குப் போய்வந்த கணக்கை ஒப்பிப்பது போல, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் அது வந்தது. "தாந்தான் வேண்டுனதா அவரு ஒங்ககிட்ட சொன்னது பொய்யி. அண்ணியோட திட்டு எனக்கு விழுந்துரும்னு சொன்னாரு. அவரு வேற ஆள வெச்சு முடி குடுக்கலாம்னாரு. நாந்தான் ஒத்துக்கலை. பத்து நாளு நச்சரிச்சேன். மறுநாளு காலையில முண்டாசு கட்டிவிட்டதும் நாந்தான். உள்ள துணி வெச்சு, குடுமி மாதிரி. நல்லா இருக்குன்னு சொன்னேன். அவரு போனாரு. அவ்வளவுதான்."

எருமை ஒன்று குட்டைக்குள் மூச்சு விடுவது கேட்டது.

ரத்தினம்மா அவளை அடிப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அடிக்கவில்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்மணியை ஏற இறங்க ஒருமுறை பார்த்தாள், வயிற்றில் கொஞ்ச நேரம் கண் நின்றது. பிறகு திரும்பி, வந்த வழியே தனியாக நடந்து போய்விட்டாள்.

சாக்கைப் போர்த்தி, ஆறு பேராகச் சேர்ந்து சிங்காரியை அழகப்பனின் வண்டியில் ஏற்றினார்கள். அது போராடவில்லை, போராடத் தெம்பும் இல்லை. காலில் பிடித்த சிவப்புத் துணியை மட்டும் விடவில்லை. இருக்கட்டும் என்று கண்மணி சொன்னாள்.

"சாங்கிக்குப் போய்த் திரும்ப நாளைக்கு மத்தியானம் ஆயிரும்" என்றார் அழகப்பன். "நீ வீட்டுக்குப் போ தங்கச்சி."

"கதவு தெறந்திருக்குமாண்ணே?"

"எனக்கென்னம்மா தெரியும்? கட்டிக்கிட்டு இருபத்திரெண்டு வருசமாச்சு, அந்தக் கதவு எனக்கே எப்பத் தெறக்கும், எப்ப மூடும்னு தெரியாது. போய்த்தான் பார்க்கணும்."

போய்ப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே ரத்தினம்மா அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் அவள் பக்கத்தில் விரித்திருந்த கண்மணியின் பாய், சுருட்டி முன்கட்டில் வைக்கப்பட்டிருந்தது. கண்மணி அங்கேயே விரித்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் வண்டி வந்தது. அழகப்பன் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"எறக்கிவிட்டோம். சங்கிலியையும் கழட்டியாச்சு. காடு நாலடியிலதான் இருக்கு. போகாம அங்கேயே நின்னுச்சு. நாங்க வண்டியைத் திருப்பி ரொம்ப தூரம் வந்து பார்க்கிறேன், அப்பவும் நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"எரை?" என்றாள் கண்மணி.

"ஒரு மீனைப் போட்டுட்டு வந்தேன். எடுத்துச்சான்னு தெரியலை."

கண்மணி தலையை ஆட்டினாள். ரத்தினம்மா அடுப்படியிலிருந்து தட்டோடு வந்தாள். அழகப்பன் முன்னால் ஒன்றை வைத்தாள். இன்னொன்றைக் கண்மணி உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு கை தள்ளி, தரையில் 'டங்'கென்று வைத்தாள். பிறகு எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"இந்தா சுவரே, கேட்டுக்கோ. என் தம்பி முடியை வாங்கிக்கிட்டுச் சாமி குடுத்த பிள்ளை அது. அது என் வீட்டுல பட்டினி கெடக்கக்கூடாது. அதைச் சுமக்கிறவகூட எனக்குப் பேச்சு வார்த்தை இல்ல. பிள்ளை பொறக்கட்டும், அப்புறம் பேசுறேனா இல்லையான்னு அப்பப் பார்த்துக்கிடலாம். இப்ப எவளாச்சும் திங்காம எந்திரிச்சான்னா, எனக்குக் கெட்ட கோவம் வந்துரும். சொல்லிட்டேன்."

சுவர் கேட்டுக்கொண்டது. அழகப்பன் தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்தார்.

கண்மணி தட்டைக் கிட்டே இழுத்தாள். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, ஓரத்தில் ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு. முதல் வாயை எடுத்து வைத்துக்கொண்டு மென்றாள்.

"கொழம்பு போதுமான்னு கேளு" என்றாள் ரத்தினம்மா சுவரிடம்.

கண்மணியும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"கொஞ்சம் ஊத்தச் சொல்லு."